லெமன் கலர் பிஸ்கட்

நான் அப்ப தேனியில ஒரு கலர் ஏஜென்சியில லைன் வண்டி சேல்ஸ்மேன். கலர்னா கூல்டிரிங்ஸ். எங்க பக்கம் அப்பிடித்தான் சொல்லுவோம். ஆரஞ்சுக் கலர், கருப்புக் கலர், பச்சைப் பாட்டில்ல வர்ற லெமன் கலர். தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்பது வாக்குல நடந்த கதை இது. காலையில ஏழு மணிக்கெல்லாம் வண்டியில பொட்டியை அடுக்கிக்கிட்டு கெளம்பினா, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்னு கடை கடையா ஏறி இறங்கணும். போற கையோட காலி பாட்டிலைப் பொறுக்கிக்கிட்டு சாயங்காலம் திரும்பணும். செவ்வாய்க்கிழமை மட்டும் சின்னமனூரோட கோம்பை, தேவாரம் பக்கம். அன்னைக்கு வேலை கம்மி. அதனால செவ்வாய்க்கிழமை பதினோரு மணின்னா நான் சின்னமனூர்ல எங்க மாமா வீட்டுல இருப்பேன்.

மாமான்னா எங்க அம்மாவோட கூடப்பொறந்த அண்ணன். மேகமலையில ஒரு எஸ்டேட் பங்களாவுல சமையக்காரரா இருந்தாக. பதினஞ்சு நாளைக்கு ஒருக்க மலையிறங்கி வருவாக. அவுகளுக்கு ஒரே மக. அவளைத்தான் நான் கட்டிக்கிடணும்னு ஆசைப்பட்டேன். இப்ப இதை எழுதுறதுக்கு எனக்கு வெக்கமில்ல. அன்னைக்கு ஒருத்தர்கிட்டயும் சொல்லல, அவகிட்டயும் சொல்லல. அவ எனக்கு முறைப்பொண்ணு. எங்க சாதிசனத்துல பாதிப் பேர் மாமன் மகளைக் கட்டினவுகதான், நான் கேட்டா யாரும் சிரிக்கப் போறதில்ல. இருந்தும் கேக்கல பாருங்க, அதுதான் என் லட்சணம்.

அந்தப் பிஸ்கட் மாமா மூலமா வந்தது. பங்களாவுக்கு வந்து தங்கின ஒரு வெள்ளைக்கார அம்மா, காலையில ரொட்டி இல்லைன்னதும் தானே அடுப்படிக்குள்ள வந்து சுட்டுக் காட்டுச்சாம். மைதா, உப்பு, பேக்கிங் பவுடர், வெண்ணெய், கெட்டித் தயிர், கடைசியா லெமன் கலர். அம்புட்டுத்தான். ஊற வைக்கிறது, பொங்க விடுறதுன்னு ஒரு தொல்லையும் கிடையாது. அந்தம்மா பிஸ்கட்டுன்னுதான் பேர் சொல்லிச்சாம். பாக்குறதுக்கு என்னமோ சின்ன பன்னு மாதிரி மெத்துன்னு இருக்கும். அத்தை அதைப் பாத்துட்டு, என்ன கருமமோ, வயித்துக்கு ஒண்ணும் செய்யாம இருந்தாச் சரின்னுட்டாக. அதுக்கு மேல பேரைப் பத்தி எங்க வீட்டுல யாரும் அலட்டிக்கிடல.

மாமா கையில கத்துக்கிட்டு அவ செய்ய ஆரம்பிச்சா. அவ செய்யுறதைப் பாக்கணும். மைதாவையும் வெண்ணெயையும் விரல் நுனியால மட்டும் உதுத்து உதுத்து விடுவா, புட்டு மாவு பக்குவத்துக்கு வர்ற வரைக்கும். உள்ளங்கை படக்கூடாதாம், சூட்டுல வெண்ணெய் உருகிருமாம். அப்புறம் தயிரு. அப்புறம் என்கிட்டக் கையை நீட்டுவா. நான் பாட்டில் மூடியைத் தெறக்கணும். தெறந்த சத்தம் அடங்குறதுக்குள்ள அவ ஊத்திருவா, கேஸ் போயிட்டா பொங்காதுன்னு. நுரை சீறிக்கிட்டு எழும்புறப்பவே நாலு தரம் பெரட்டி, பலகையில கொட்டி, தட்டி, எவர்சில்வர் டம்ளரைக் கவுத்து வட்டம் வட்டமா வெட்டுவா. உருக்கின வெண்ணெய் தடவின தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டின மாதிரி நெருக்கமா வைக்கணும். தள்ளித் தள்ளி வச்சா பக்கவாட்டுல படுத்துரும், சேத்து வச்சாத்தான் ஒண்ணையொண்ணு தாங்கி மேல எழும்பும்னு மாமா சொல்லிக் குடுத்திருந்தாக.

மாமா மதுரையில வாங்கிட்டு வந்த வட்ட அலுமினிய ஓவன் ஒண்ணு அந்த வீட்டுல இருந்துச்சு. மூடியில சின்னதா ஒரு கண்ணாடி. அதுக்கு முன்னால ரெண்டு பேரும் குத்தவச்சு உக்காந்து உள்ள பாத்துக்கிட்டிருப்போம். வெந்ததும் கையாலயே ரெண்டாப் பிச்சு, பன்னீர் திராட்சையைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி வச்சிருப்பா, அதை நடுவுல தடவித் தருவா. வாயில வச்சா முதல்ல வெண்ணெய் தெரியும், அதுக்கப்புறம் லேசா எலுமிச்சை வாசம் மூக்குல ஏறும். நான் ஒரே மூச்சுல ஆறு தின்னிருக்கேன். எஸ்டேட்டு யானைகூட இம்புட்டுத் திங்காது மச்சான்னு சொல்லிக்கிட்டே ஏழாவதை வைப்பா.

அங்கன நான் உக்காந்திருக்கிறதுக்குச் சாக்கு அந்தப் பாட்டில்தான். பொட்டிக்கு இருவத்துநாலு போனா இருவத்துநாலு காலி திரும்பணும், அது கம்பெனிச் சட்டம். அதனால மாமா வீட்டுக்குக் குடுத்த பாட்டிலும் காலியா என் கைக்கு வரணும். நல்ல சட்டம்தான். ஆனா ஒரு பாட்டில் கலரை மாவுல ஊத்த எம்புட்டு நேரம் ஆகும்? நாலு நொடி ஆகுமா? அப்பவே வாங்கிக்கிட்டு நான் நடையைக் கட்டியிருக்கலாம். அவ பாட்டிலைக் கழுவணும்பா. கழுவினதும் வெயில்ல கவுத்தணும்பா. எந்தக் கடைக்காரரும் எனக்குக் காலி பாட்டிலைக் கழுவித் தந்ததில்ல, கம்பெனியில மெஷினே கழுவிக்கிடும். இதை நான் அவகிட்டச் சொல்லியுமிருக்கேன். இருந்தாலும் அவ கழுவுவா, நானும் காயட்டும்னு உக்காந்திருப்பேன்.

பிஸ்கட்டும் அப்பிடித்தான். கணக்குப்படி இருவது நிமிஷத்துல ஆகுற பண்டம். அவ கையில ஒரு மணி நேரம் ஆகும். நான் வந்து உக்காந்த பெறகுதான் மைதாவைத் தேடுவா. ரெண்டு தரம் சலிப்பா. ஓவனைப் போட்டுட்டு வோல்டேஜ் கம்மியா இருக்கு, சூடு ஏற மாட்டேங்குதும்பா. நானும் பகல்லயே இப்பிடி வோல்டேஜை இறக்குறானேன்னு கரண்ட் ஆபீஸ்காரனைத் திட்டுவேன். தெருமுனையில டிரைவர் அண்ணன் ஆரனை அமுக்கிக்கிட்டே கிடப்பாரு. திரும்பிப் போனா, என்னப்பா, மாமன் வீட்டு வாசல்ல மட்டும் வண்டி பஞ்சராகுதேன்னு கேப்பாரு. அவருக்கும் ரெண்டு பிஸ்கட் தாள்ல மடிச்சுக் குடுத்து விட்டிருப்பா, அதனால அதோட விட்டுருவாரு.

சரி, ஏன் கேக்கலங்கிறதைச் சொல்லிர்றேன். நான் ஒம்பதாவது படிக்கையில எங்க அப்பா போயிட்டாரு. அதுக்கப்புறம் எங்களைத் தூக்கி நிறுத்துனது மாமாதான். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனது, வீட்டுக்கு அரிசி போட்டது, எல்லாம் அவுகதான். அம்மா ஒருநாள் என் முகத்தைப் பாத்தே என் மனசைக் கண்டுபிடிச்சிருச்சு. சோறு போட்டுக்கிட்டே சொல்லுச்சு, அண்ணன் நம்ம அடுப்புல உலை வச்ச மனுசன், இப்பப் பொண்ணையும் குடுங்கன்னு நம்மளாப் போயி நிக்கக்கூடாது, அவுகளாச் சொன்னா அது வேறன்னு. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. அவ உத்தமபாளையத்துல காலேஜ் முடிச்சவ. நான் பிளஸ் டூ, பாட்டில் பொட்டி சுமக்குறவன். என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்குறது? மாமாவே ஒருநாள் கேப்பாக, கேட்டதும் தலையாட்டிருவோம்னு இருந்தேன்.

மாமா கேக்கத்தான் வந்தாக. ஆனா கேட்டது வேற.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பொண்ணுக்கு வெளியில ஒரு எடம் வந்தா, அதை முடிக்கிறதுக்கு முன்னால முறைக்காரன் வீட்டுக்கு வெத்தலைபாக்குத் தாம்பாளத்தோட போயி ஒரு வார்த்தை கேக்கணும். கட்டுற உரிமை முதல்ல அவனுக்குத்தானே. அவன் சம்மதம்னு சொல்லி அந்தத் தாம்பாளத்துல இருந்து வெத்தலையை எடுத்துக்கிட்டா, உரிமையை விட்டுக் குடுத்துட்டான்னு அர்த்தம். கல்யாணத்தன்னைக்கு அவனுக்கு ஒரு வேட்டி துண்டு வச்சு மரியாதை செய்வாக. நான் நாலஞ்சு வீட்டுல இதைப் பாத்திருக்கேன். எல்லா முறைக்காரனும் வெத்தலையை எடுத்திருக்கான். மாட்டேன்னு சொன்ன ஒருத்தனை நான் பாத்ததில்ல. எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டு, சும்மா மரியாதைக்கு வந்து கேக்குற சடங்குன்னுதான் நான் நெனச்சிருந்தேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில மாமா அந்தத் தாம்பாளத்தோட தேனியில எங்க வீட்டுப் படி ஏறி வந்தாக. கூட ரெண்டு பெரிய மனுசங்க. நான் எந்திரிச்சுப் பாயை விரிச்சேன். அம்மா காப்பியைக் குடுத்துட்டுக் கதவோரமா நின்னுருச்சு. மாமா காப்பியைத் தொடல. கோயம்புத்தூர்ல ஒரு எடம், பையன் மில்லுல சூப்பர்வைசர், நல்ல குடும்பம்னு சொல்லிட்டு நேரா என்னையப் பாத்தாக.

"மாப்ள, முறைக்காரன் நீதேன். ஒன் வாயால சொல்லு. ஒனக்கு என்ன தோணுது?"

எனக்கு என்ன தோணுச்சுன்னு கேட்டாக. நான் அதைச் சொல்லல. பையன் பேரு, ஊரு, வேலை வரைக்கும் பேசியாச்சு, இனி நம்மகிட்டக் கேக்குறது ஒப்புக்குத்தான்னு எடுத்துக்கிட்டேன். அதோட ஒரு வீராப்பு. அழுமூஞ்சியா நிக்கக்கூடாது, மாமாவுக்குச் சங்கடம் குடுக்கக்கூடாது. எனக்கென்ன மாமா, நல்ல எடமா இருந்தா முடிங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு வெத்தலைக்குக் கையை நீட்டினேன். மாமா தாம்பாளத்தை என் பக்கம் நகத்தல. ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு என்னையவே பாத்தாக.

"நெசமாத்தேன் சொல்றியா?"

நெசமாத்தான் மாமான்னு நான் இன்னும் கொஞ்சம் பல்லைக் காட்டினேன். வெத்தலையையும் எடுத்துட்டேன். கூட வந்தவுகள்ல ஒருத்தர், தங்கமான பையன்னு என் முதுகுல தட்டுனாரு. மாமா தாம்பாளத்தை எடுத்துக்கிட்டு எந்திரிச்சாக. காப்பி ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்துச்சு, அப்பிடியே வச்சுட்டுக் கெளம்பிட்டாக.

அவுக தெருவைத் தாண்டினதும் அம்மா என்கிட்ட வந்துச்சு. "நாமளாப் போயிக் கேக்கக்கூடாதுன்னுதானேடா சொன்னேன். அவுக வந்து கேட்டா, வேணும்னு சொல்லக்கூடாதுன்னா சொன்னேன்?" அதைச் சொல்லிட்டு மூணு நாள் என்கூடப் பேசல. அப்பவே ஓடியிருந்தா பஸ்ஸ்டாண்டுல மாமாவைப் புடிச்சிருக்கலாம். சின்னமனூர் பஸ் கெளம்ப இன்னும் நேரம் இருந்துச்சு. நான் என்ன செஞ்சேன்னா, சட்டையை மாட்டிக்கிட்டு முடிவெட்டப் போனேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம் போல மாமா வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன்னு கேட்டா எனக்கே தெரியாது. கால் போச்சு, போனேன். அடுப்படி துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. மைதாவும் இல்ல, பலகையும் இல்ல. அவ என் கையில இருந்த பாட்டிலை வாங்கி அவளே மூடியைத் தெறந்து என்கிட்டத் திருப்பி நீட்டினா. வெயில்ல வந்திருக்கீக, குடிங்க மச்சான்னா. நான் மடமடன்னு குடிச்சேன், நெஞ்செல்லாம் எரிஞ்சுச்சு. குடிச்சு முடிக்கிற வரைக்கும் எதிர்க்கவே நின்னா. காலி பாட்டிலை அவ வாங்கல, கழுவணும்னும் சொல்லல. ரெண்டு நிமிஷத்துல நான் வண்டிக்குத் திரும்பி வந்துட்டேன். டிரைவர் அண்ணன் பீடி பத்த வைக்கப் போனவரு, என் மூஞ்சியைப் பாத்துட்டு அதைக் காதுல சொருகிக்கிட்டு வண்டியை எடுத்தாரு.

கல்யாணத்துல எனக்கு வேட்டி துண்டு வச்சாக. கட்டிக்கிட்டுத்தான் பந்தியில பரிமாறினேன். ரசம் ஊத்துறப்ப ஒருத்தர் இலையில பாயாசத்து மேல ஊத்திட்டேன். அவ கோயம்புத்தூர் போயிட்டா. நான் ஏஜென்சியில கெஞ்சிக் கூத்தாடி ஆண்டிபட்டி லைனுக்கு மாத்திக்கிட்டேன். ரெண்டாயிரத்து ரெண்டுல எனக்கும் கல்யாணம் ஆச்சு. போடிக்காரி. நல்லவ, என்னையவிட நாலு பங்கு நல்லவ, அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கல. ஒருநாள் நானே, ஓவன் இல்லாததால குக்கர்ல மணலைக் கொட்டி அந்தப் பிஸ்கட்டைச் சுட்டுப் பாத்தேன். நல்லாத்தான் பொங்கி வந்துச்சு. என் பொண்டாட்டி தின்னுட்டு, இதெல்லாம் ஒங்களுக்கு எங்க தெரியும்னு ஆச்சரியப்பட்டா. அம்மா ஒண்ணைக் கையில எடுத்து என்னைய ஒரு பார்வை பாத்துட்டு, திங்காமலே தட்டுல வச்சிருச்சு. அதோட நான் செய்யல. ஆனா எங்கயாவது கடையில லெமன் கலர் பாட்டில் தெறக்குற சத்தம் கேட்டா, கையை நீட்டிக்கிட்டு ஒருத்தி நிக்கிறாளான்னு மனசு தேடும். பொம்பளப் புள்ளைக்குத் தகப்பன் ஆனதுக்கப்புறமும் தேடிச்சு.

ரெண்டாயிரத்து எட்டுல மாமா மகளோட புள்ளைக்குச் சின்னமனூர்ல மாமா வீட்டுல காதுகுத்து. குடும்பத்தோட போயிருந்தோம். சாப்பாடு முடிஞ்சு கூட்டம் குறைஞ்ச நேரம். வந்திருந்த பிள்ளைக எல்லாம் ஏதாவது திங்கக் கேட்டு அலம்பல் பண்ணுச்சுக. அவ அடுப்படிக்குள்ள போயி மைதாவை எடுத்தா. நான் தண்ணி குடிக்கப் போன சாக்குல நிலைப்படியில நின்னுட்டேன். கடையில வாங்கின பிளாஸ்டிக் பாட்டில், அவளே திருகித் தெறந்து ஊத்தினா. காலியானதும் மூலையில எறிஞ்சா. நாலு பெரட்டு, ஒரு தட்டு, வெட்டி அடுக்கி ஓவனை மூடிட்டா. எண்ணி அஞ்சு நிமிஷம்கூட இருக்காது. கால்மணி நேரத்துல முதல் தட்டு வெளிய வந்து, பிள்ளைக அள்ளிக்கிட்டு ஓடிருச்சுக. அடுப்படியில நாங்க ரெண்டு பேர் மட்டும்.

சும்மா ஏதாவது பேசணுமேன்னு பேசினேன். இப்பப் பரவாயில்ல, சீக்கிரம் வேகுது, அப்ப வோல்டேஜ் இல்லாம ஒரு மணி நேரம் ஆகுமேன்னேன்.

அவ அடுத்த தட்டுக்கு வெண்ணெய் தடவிக்கிட்டிருந்தவ நிமிந்து பாத்தா. "காலையில பதினோரு மணிக்கு நம்ம தெருவுல என்னைக்கு மச்சான் வோல்டேஜ் கொறஞ்சுச்சு?"

அவ மறுபடியும் குனிஞ்சு வெண்ணெய் தடவ ஆரம்பிச்சுட்டா. தடவிக்கிட்டேதான் மிச்சத்தையும் சொன்னா, கோவமா இல்ல, எங்கயோ யாருக்கோ நடந்ததைச் சொல்ற மாதிரி. கோயம்புத்தூர்க்காரவுகளுக்கு மாமா அன்னைக்கு இன்னும் வாக்குக் குடுக்கல. எல்லாம் பேசி முடிஞ்சுதான் தாம்பாளத்தோட வந்தாகன்னு நான் நெனச்சது தப்பு.

"அப்பாவ அனுப்புனதே நாந்தேன். மச்சான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, அவுக வேணும்னு சொன்னா எனக்கு வேற எடம் வேணாம்னேன். ரெண்டு தடவ கேட்டேன் தாயி, சிரிச்சுக்கிட்டே வெத்தலை எடுத்துக்கிட்டான்னு வந்து சொன்னாக."

வெளிய பந்தல்ல யாரோ மைக்குல பேர் வாசிச்சுக்கிட்டிருந்தாக. என் பொண்டாட்டி வாசல்ல உக்காந்து காது குத்தின புள்ளைக்குப் பூ வச்சுக்கிட்டிருந்தா. இருவத்தஞ்சு வயசுல என் வாய்க்கு வராதது, முப்பத்தஞ்சுல, ரெண்டு பேருக்கும் பிரயோசனமில்லாத நேரத்துல வந்துச்சு. எனக்கு நீதான் வேணும்னு இருந்துச்சு புள்ள, வேற யாரும் வேணும்னு தோணலன்னு சொன்னேன். இம்புட்டுத்தான். இதுக்கு நாலு நொடிகூட ஆகல.

அவ தட்டை ஓவனுக்குள்ள வச்சு மூடினா. முந்தானையால மூஞ்சியைத் துடைச்சா, அடுப்படிச் சூடுன்னு யாராவது நெனச்சுக்கிடுற மாதிரி. கொஞ்ச நேரம் கண்ணாடி வழியா உள்ள பாத்துக்கிட்டே இருந்தா.

"எனக்கு இது போதும் மச்சான். போங்க, வீட்டுல தேடுவாக."

நான் போனேன். அவளுக்குப் போதும்னா. எனக்குப் போதல.